திருவிழாவுக்கு இழுக்கிற நெற்வேர்க் கேபிள்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

யாழ்ப்பாணத்தில் வெளியிடத்துக்கு நெற்வேர்க் கேபிள் இழுக்கிற வேலை பெரும்பாலும் தவணை வேலைதான். நல்லூர் என்றால் 25 நாள். ஊர்க் கோயில் என்றால் பத்துப் பன்னிரண்டு நாள். முற்றவெளியில் கண்காட்சி என்றால் இரண்டு மூன்று நாள், வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பட்டம் விடுகிற போட்டி என்றால் ஒரு பின்னேரம். வெளிநாட்டில் இருக்கிற சனம் நேரலையில் பார்க்க வேண்டும், அதற்குக் கமராவுக்கும் றவுட்டருக்கும் நடுவில் ஒரு கேபிள் வேண்டும். அநேகம் பேர் வாங்குவது வீட்டுச் சுவரோடு அடிக்கிற 305 மீற்றர் பெட்டிக் கேபிளை. முதல் திருவிழா வடிவாகப் போகும். இரண்டாவதில் ஒரு கமரா விட்டு விட்டு வரும். மூன்றாவதில் கேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு "சைனாச் சாமான்" என்று ஏசுவார்கள். ஒருமுறை அடித்து அப்படியே விடுவதற்கென்று செய்த கேபிளை ஒவ்வொரு நாளும் விரித்துச் சுருட்டினால் அது வேறென்ன செய்யும்?

கடையில் கேபிள் கேட்கிறவர்கள் முதலில் கேட்பது "மழைக்கு நிக்குமோ, வெயிலுக்கு நிக்குமோ" என்றுதான். 25 நாள் வெயிலில் சாதாரண பிவிசி உறைகூடச் சாகாது. தற்காலிகக் கேபிளைக் கொல்லுவது சுருட்டல், மிதி, இழுவை, பிறகு பிளக். தெரிவும் அந்த ஒழுங்கில்தான் போக வேண்டும்.

பெட்டிக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நாலு சோடியாக இருக்கும். ஒவ்வொரு கம்பியும் அரை மில்லிமீற்றர் தடிப்பான ஒற்றைக் கம்பி. கடையில் சொலிட் என்பார்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் செம்பு இறுகி, உறைக்குள்ளேயே முறியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முறிந்த இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். காற்றடித்தால் விலகும், நின்றால் தொடும். "காத்தடிச்சால் மட்டும் கமரா போகுது" என்ற முறைப்பாடு வந்தால் பாதி இதுதான். வாங்க வேண்டியது ஏழு மெல்லிய இழையை ஒன்றாக முறுக்கிய ஸ்ராண்டட் கேபிள். உறையில் 24 கேஜ் என்றோ, 7 பெருக்கல் 0.20 என்றோ அச்சடித்திருக்கும். 7 பெருக்கல் 0.16 என்று இருந்தால் அது 26 கேஜ், மெல்லிசு; கேஜ் இலக்கம் கூடக் கூடக் கம்பி மெலியும். கடையில் தொங்குகிற, இரண்டு தலைப்பிலும் பிளக் அடித்த ஆயத்தப் பட்ச் கோட்டுகளில் பல 26, சில 28.

ஸ்ராண்டட் எடுத்தால் தூரத்தில் கொஞ்சம் இழக்க வேண்டும். எல்லாரும் சொல்கிற 100 மீற்றர் கணக்கு, 90 மீற்றர் சொலிட் கேபிளும் இரண்டு தலைப்பிலும் சேர்த்து 10 மீற்றர் பட்ச் கோட்டும் என்ற கணக்கு. 24 கேஜ் ஸ்ராண்டட்டில் சிக்னல் தேய்வு சொலிட்டைவிட 20 வீதம் கூட, 26 கேஜில் 50 வீதம் கூட. அதோடு எங்கள் வெயிலையும் சேருங்கள். தேய்வு அளக்கிற அடிப்படை 20 பாகை; 40 பாகை வரைக்கும் பாகைக்கு 0.4 வீதம், அதற்கு மேல் 0.6 வீதம் ஏறும். ஆவணி மத்தியானத்தில் மணலில் கிடக்கிற கறுப்பு உறை 60 பாகைக்குப் போனால் இன்னொரு 20 வீதம் போச்சு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 24 கேஜ் ஸ்ராண்டட்டுக்கு ஏறக்குறைய 70 மீற்றர், 26 கேஜுக்கு 55 மீற்றர். இதைவிட நீட்டினாலும் வேலை செய்யும் என்று காலையில் பரிசோதித்துவிட்டுச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் பரிசோதித்துவிட்டுச் சொல்லட்டும்.

செம்போ, செம்பு பூசினதோ

பேய்க்காட்டல் அதிகம் நடக்கிற இடம் இது. சிசிஏ என்பது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசினது. விலை குறைவு, பாரம் குறைவு, மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கற் 5ஈ, கற் 6 என்பவை நெற்வேர்க் கேபிளின் தரங்கள், இரண்டும் கேட்பது முழுச் செம்பு. சிசிஏயில் "கற் 6" என்று அச்சடிப்பதே பொய். அலுமினியம் மடிப்பையும் தாங்காது, பிளக்கின் பல் கடித்த இடத்தில் தளர்ந்துகொண்டும் போகும்.

கண்டுபிடிக்க மூன்று வழி. நுனியைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். பெட்டியைத் தூக்கினால் தெரியும்: 24 கேஜ் 305 மீற்றரில் செம்பு மட்டும் நாலரைக் கிலோ வர வேண்டும், சிசிஏயில் அது இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆனால் சரியான வழி மல்ரிமீற்றர்தான். ஒரு தலைப்பில் ஒரு சோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு மற்றத் தலைப்பில் ஓம் அளவுங்கள். 24 கேஜ் செம்பு 50 மீற்றருக்கு எட்டரை ஓம் வரும். 13 வந்தால் ஒன்றில் அது 26 கேஜ், இல்லாவிட்டால் சிசிஏ. 20ஐத் தாண்டினால் 26 கேஜ் சிசிஏ, வாங்காமல் வாருங்கள்.

இந்த ஓம் கணக்கு பிஓஈயில், அதாவது நெற்வேர்க் கேபிளாலேயே மின்சாரமும் கொடுத்துக் கமரா ஓட்டுகிறவர்களுக்கு உயிர். திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஒரு கமரா 25 வொற் எடுக்கும். 30 வொற் பிஓஈ முறையில் சுவிச் ஆகக் குறைந்தது 50 வோல்ற் விடும், மின்னோட்டம் 0.6 அம்பியர், போக வரச் சேர்த்துக் கேபிளின் தடை 12.5 ஓமுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு கம்பி போக, இரண்டு கம்பி வர என்பதால், 70 மீற்றர் 24 கேஜ் செம்பில் வருவது 6 ஓம். மூன்றரை வோல்ற் விழும், கமராவுக்குத் தெரியவே தெரியாது. அதே 70 மீற்றர் 26 கேஜ் சிசிஏயில் 14 ஓமைத் தாண்டும். விழுகிறது எட்டரை வோல்றுக்கு மேல். பகலில் கமரா ஓடும். இரவில் அதன் அகச்சிவப்பு விளக்கு எரிந்து, மோட்டரும் சுற்றுகிற நேரத்தில் அணைந்து திரும்ப எழும்பும். சுவாமி வெளிவீதி வருகிற நேரம்தான் கமராவைத் திருப்புவோம், அந்த நேரம்தான் அது சாகும். கமராவை மாற்றிப் பார்ப்பார்கள், சுவிச்சை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மட்டும் மாற்ற மாட்டார்கள். 24 வோல்றில் ஓடுகிற வயர்லெஸ் பெட்டிகளுக்கு இது இன்னும் மோசம், விழுகிற 5 வோல்ற் அங்கே ஐந்திலொரு பங்கு.

கற் 6 வேண்டுமா என்றால் வேண்டாம். ஒரு கிகாபிற்றுக்குக் கற் 5ஈ காணும். கற் 6 கேபிள் பலவற்றில் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் சிலுவை ஓடும். அது கேபிளை விறைக்க வைக்கும், சுருட்டினால் நெளியும். யூரியூப்புக்கு அனுப்புகிற 1080 படம் ஐந்தாறு மெகாபிற்தான், அதற்கு 100 மெகாபிற் இணைப்பே மிச்சம். கமராவில் இருந்து மிக்சருக்கு (கமராக்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற பெட்டி) முழு என்டிஐ (நெற்வேர்க்கிலேயே படத்தை அனுப்புகிற முறை) எடுத்தால் மட்டும் கதை வேறு: 1080 படம் ஒன்று 100 மெகாபிற்றுக்கு மேல் கேட்கும், அதற்கு கிகாபிற் கட்டாயம், கிகாபிற்றுக்கு நாலு சோடியும் சுகமாக இருக்க வேண்டும். தட்டையான ரிபன் கேபிளை மேசைக்கு அடியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பி 30, 32 கேஜ். பிஓஈக்கும் ஆகாது, தூரத்துக்கும் ஆகாது.

உறை

வெளியிடக் கேபிள் என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது கறுப்புப் பிஈ (பொலியெதிலீன்) உறை. வெயிலையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும், ஆனால் விறைப்பு. நிரந்தரமாகக் கூரையோடு அடிப்பதற்கு நல்லது, நாளாந்தம் சுருட்டுவதற்கு இல்லை. மென்மையான பிவிசி மலிவு, சுருட்டச் சுகம், ஓரிரு வருடத் திருவிழாவுக்குக் காணும். வெயிலில் பழகப் பழக இறுகி வெடிக்கும். காசு இருந்தால் பியூஆர், அதாவது பொலியூரத்தேன் உறை. மேடை, ஒளிபரப்பு வேலைக்காரர் பாவிப்பது அதுதான். மிதிக்கும் உராய்வுக்கும் நின்று பிடிக்கும், விரித்தால் சுருளின் நெளிவு இல்லாமல் தரையோடு படிந்து கிடக்கும். உள்ளூர்க் கடைகளில் சுருளாகக் கிடைப்பது அரிது, இரண்டு தலைப்பிலும் ஈதர்கொன் (உலோகக் கூடுள்ள பிளக்) போட்டு ஆயத்தமாக வருவதைத் தருவிக்க வேண்டி வரும். விலை பெட்டிக் கேபிளைப் போலப் பல மடங்கு. மூன்று திருவிழாவுக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு அது மலிவு என்பது என் எண்ணம்.

உள்ளே அலுமினியத் தாள் சுற்றிய கவசக் கேபிள் கோயிலுக்குத் தேவையில்லை. தாள் சுருட்டச் சுருட்டக் கிழியும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஒரு தலைப்பு மின்சார சபை லைனில், மற்றத் தலைப்பு ஜெனரேற்றரில் என்பது எங்கள் திருவிழாக்களில் சர்வசாதாரணம். இரண்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால் அந்தக் கவசத்தினூடாக மின்னோட்டம் போகும். வலிகாமத்தில் பல இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், எர்த் ரொட் ஆழமாக இறங்காது, ஆக எர்த்தை நம்பிக் கவசம் போடுவது வீண் கரைச்சல். கவசம் இல்லாத கேபிளைப் போட்டு, கமராவின் உலோகக் கால் ஜெனரேற்றர் பக்க இரும்புப் பந்தலில் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

70 மீற்றரைத் தாண்டினால், இரண்டு வேறு மின்சாரம் என்றால், அல்லது சித்திரை, ஐப்பசி இடி மின்னல் காலம் என்றால் செம்பை விட்டுவிட்டு ஃபைபர் போடுவதே புத்தி. வீட்டு இணைப்புக்கு இழுக்கிற கறுப்புத் தட்டைக் கேபிள் மலிவு. இரண்டு தலைப்பிலும் எஸ்சி என்கிற ஃபைபர் பிளக் அடித்து வாங்கி, ஃபைபரையும் செம்பு நெற்வேர்க் கேபிளையும் இணைக்கிற மீடியா கொன்வேர்ற்றர் இரண்டு மாட்டினால் முடிந்தது. கொன்வேர்ற்றர் ஏ ஒன்று, பி ஒன்று வாங்க வேண்டும். ஏ 1310 நனோமீற்றரில் அனுப்பி 1550இல் வாங்கும், பி மறுவளம். இரண்டு ஏ வாங்கி வந்து விடிய விடிய முழிக்கிறவர்கள் உண்டு. அந்தக் கேபிளின் ஓரத்தில் ஓடுகிற உருக்குக் கம்பியை எந்த இரும்புச் சட்டத்திலும் தொடுக்காதீர்கள், அது தொட்டால் ஃபைபர் போட்டதன் பலன் பாதி போய்விடும். கமரா பக்கம் தனி மின்சாரம் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள், ஃபைபரில் பிஓஈ போகாது.

பிளக்

பழுதாகிற கேபிளில் பெரும்பாலானவை பிளக்கில்தான் பழுதாகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நெற்வேர்க் கேபிளின் நுனியில் அடிக்கிற ஆர்ஜே45 பிளக்கின் பல்லில் இரண்டு வகை. சொலிட் கம்பிக்குரியதில் மூன்று முள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கும், அவை கம்பியை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும். ஸ்ராண்டட்டுக்குரியதில் இரண்டு முள் நேராக இழைகளுக்குள் இறங்கும். வகை மாறினால் அன்றைக்கு வேலை செய்யும். பத்து நாள் ஆடியபின் தொடுப்பு விடும். இரண்டுக்கும் பொதுவான பிளக்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள். முலாமையும் பாருங்கள். கடற்காற்று அடிக்கிற இடத்தில் மலிவுப் பிளக்கின் மெல்லிய தங்கப்பூச்சு ஓரிரு மாதத்தில் பச்சை பிடிக்கும். 50 மைக்ரோ இஞ்சிப் பூச்சு என்று போட்டிருப்பதை எடுங்கள். உறையின் விட்டமும் பொருந்த வேண்டும், சாதாரணப் பிளக்கின் வாய் 6 மில்லிமீற்றருக்கு மேல் போன பியூஆர் உறையை விழுங்காது.

அடிக்கிற முறை இது. உறையை 25 மில்லிமீற்றர் உரியுங்கள். உரிக்கும்போது உள்ளே இருக்கிற கம்பியின் தோல் கீறுப்பட்டால் வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். கீறலால் போகிற மழைத்தண்ணீர் ஏழு இழைக்கும் நடுவில் இருக்கிற சந்தைப் பிடித்து மீற்றர் கணக்கில் உள்ளே ஊரும். ஒழுங்கு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளைநீலம், பச்சை, வெள்ளைமண்ணிறம், மண்ணிறம். முறுக்கைப் பிரித்த நீளம் 13 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். நுனியை ஒரே வெட்டாக நேராக வெட்டுங்கள். இழை பிரிகிறது என்று ஈயம் பற்றவைக்க வேண்டாம், முள் இறங்காது. பிளக்கின் முன்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் எட்டுச் செம்புப் பொட்டும் தெரிய வேண்டும், பின்பக்கத்தில் உறை பிளக்கின் ஆப்புக்கு அடியில் குறைந்தது ஐந்து மில்லிமீற்றர் போயிருக்க வேண்டும். உறை வெளியே நின்றால் இழுவை முழுக்க எட்டு மெல்லிய கம்பியில் விழும்.

சிறு பிளாஸ்ரிக் நாக்கு முறிவது அடுத்த பிரச்சினை. இரப்பர்த் தொப்பி போட்டால் குறையும். அதைவிட நல்லது நியூட்ரிக் கம்பனியின் ஈதர்கொன் உலோகக் கூடு: பிளக்கைச் சுற்றி ஒரு கவசம், பூட்டுகிற கொக்கி, மிதித்தாலும் நசியாது. ஆனால் சாதாரண சுவிச்சின் ஓட்டைக்குள் அந்தக் கூடு போகாது. கூட்டைக் கழற்றிப் பாவிக்கலாம், அல்லது கடைசி ஒரு மீற்றருக்குச் சாதாரணப் பட்ச் கோட் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஓட்டத்தில் ஒரு இணைப்புக்கு மேல் போட வேண்டாம். அந்த இணைப்பைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுகிற பழக்கத்தை விடுங்கள். பகலில் உள்ளே சூடேறி, இரவில் வியர்த்து, வியர்த்த தண்ணீர் அதற்குள்ளேயே தங்கும். பிஓஈ வோல்ற் அதில் ஓடினால் முள் ஒரு கிழமையில் பச்சையாகிவிடும். நிலத்தில் இருந்து உயர்த்திக் கட்டி, அரைவாசி வெட்டின சோடாப் போத்தலை வெட்டின பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்துவிட்டால் காணும். கேபிள் கீழிருந்து மேலே ஏறி உள்ளே போக வேண்டும், மேலிருந்து இறங்கினால் தண்ணீர் அதோடு சேர்ந்து இறங்கும்.

வீதியில் விரிக்கும்போது

கோயில் வெளிவீதி மணலில் கேபிள் போடுவதற்கு எதிரி மழையோ வெயிலோ இல்லை. சிதறு தேங்காய் அடிக்கிற இடத்தில் சிரட்டைச் சில்லு கேபிளை வெட்டும், கற்பூரச் சட்டி வைக்கிற இடத்தில் பிவிசி உருகும், விடியற்காலையில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவரின் உடம்பில் மாட்டும். மூன்று இடத்தையும் கோயில்காரரிடம் முதலே கேட்டு வைத்துக்கொண்டு மதிலோரமாகச் சுற்றி இழுங்கள். இருபது மீற்றர் கூடினாலும் பரவாயில்லை.

குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் மேலால். கேபிளையே இழுத்துக் கட்டாதீர்கள், நாலு சோடிக் கேபிள் தாங்குகிற இழுவை 11 கிலோதான். நைலோன் கயிறு ஒன்றை முதலில் கட்டி, அதில் அரை மீற்றருக்கு ஒரு கட்டாகக் கேபிளைத் தொங்கவிடுங்கள். கேபிள் ரை இறுகினால் சோடி நசிந்துவிடும், பழைய சீலைத் துண்டு போதும். லொறி வருகிற ஒழுங்கையில் 5 மீற்றருக்குக் குறைய வேண்டாம், மின்சார சபைத் தூணில் கட்டவே வேண்டாம். கடற்கரையில் வடலியிலும் கட்ட வேண்டாம். காற்றுக்கு ஆடுகிற கருக்கு மட்டை வாள் போல உறையை அறுக்கும். தேர், சப்பறம் வருகிற வீதியில் எந்த உயரமும் காணாது. அங்கே போடுகிற ஒரேயொரு இணைப்பை வீதியின் ஓரத்தில் வருகிற மாதிரி வையுங்கள். தேர் வர ஐந்து நிமிடத்துக்கு முன் கழற்றி, கயிற்றோடு இறக்கி, போனபின் ஏற்றலாம். அந்த நேரம் எந்தக் கமரா இல்லாமல் இருக்கும் என்று மிக்சரில் இருக்கிறவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

மின் அலங்காரக் கம்பியோடு சமாந்தரமாக ஓட வேண்டாம், ஒரு முழம் விட்டு ஓடுங்கள், சந்திக்கிற இடத்தில் குறுக்காகத் தாண்டுங்கள்.

சோதனை, சுருட்டல்

எட்டு விளக்கு எரிகிற சின்ன ரெஸ்ரர் கம்பி தொடுகிறதா என்று மட்டும் சொல்லும். நிற ஒழுங்கைத் தங்கள் பாட்டுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி அடித்தாலும் எட்டும் எரியும், ஆனால் சோடி பிரிந்திருக்கும், கிகாபிற் ஓடாது. இரண்டு மடிக்கணினியை இரண்டு தலைப்பிலும் மாட்டி வேகம் அளக்கிற ஐபெர்ஃப் மென்பொருளை ஓட்டுங்கள், பத்து நிமிடம். கிகாபிற்றில் 900 மெகாபிற்றுக்கு மேல் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேபிளின் இரண்டு தலைப்பையும் மெல்ல ஆட்ட வேண்டும். 100க்கு இறங்கினால் ஒரு சோடி போய்விட்டது என்று அர்த்தம், பெரும்பாலும் பிளக்தான்.

சுருட்டும்போது முழங்கையில் சுற்றுகிறவரின் கையில் கேபிளைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கை உள்ளே ஏற்றும், விரிக்கும்போது அது நெளிந்து முடிச்சாகும். ஒரு சுற்று உள்ளுக்கு, அடுத்த சுற்று கையைத் திருப்பி வெளிக்கு என்று மாறி மாறிப் போட்டால் முறுக்கு ஒன்றையொன்று அழித்துவிடும், மற்ற முறை வீசினாலே நேராக விரியும். சுற்றின் விட்டம் ஒரு முழத்துக்குக் குறையாமல். வல்லிபுரம், கீரிமலை, தொண்டைமானாறு என்று கடற்கரைப் பக்கம் போன கேபிளை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். பிளக்கில் மண் போகாமல் மூடி போடுங்கள்.

ஊர்க் கோயில் ஒன்றை எடுத்து நடத்துகிறவர்களுக்கு 50 மீற்றர் இரண்டு, 30 மீற்றர் இரண்டு, 10 மீற்றர் மூன்று இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு 30ஐ இணைத்தாலும் 60தான் வரும். 50ஐ 30ஓடோ இன்னொரு 50ஓடோ இணைக்காதீர்கள், 70ஐத் தாண்டிவிடும். பிளக் அடிக்கிற கிரிம்பர், பத்துப் பிளக், இரண்டு இணைப்பான், மல்ரிமீற்றர், கறுப்பு ரேப் ஒரு பையில் தனியே. ஒவ்வொரு கேபிளின் இரண்டு தலைப்பிலும் ஒரே இலக்கத்தையும் நீளத்தையும் ரேப்பில் எழுதி ஒட்டுங்கள். பழுது என்று கண்ட கேபிளின் பிளக்கை அந்த இடத்திலேயே வெட்டிவிடுங்கள். வெட்டாமல் "பிறகு பாப்பம்" என்று வைத்தால் பூங்காவனத்தன்று வேறொருவர் அதைத்தான் எடுத்து மாட்டுவார்.